கம்ப்யூட்டருக்குள் மூழ்கிய கருவி

"எனக்கு அந்த ஆளைக் கவிழ்க்கணும். அதை உங்ககிட்ட மறைக்கப் போறதில்ல" என்றார் ஆய்வகத் தலைவி. எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அண்ணி தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அறையில் மிச்சமிருந்தது ஒரு மணல் மூட்டைதான். அதில் நான் உட்கார்ந்தேன். துப்பறியும் தொழிலில் உதவியாளனுக்குக் கிடைக்கிற ஆசனம் இவ்வளவுதான்.

அண்ணி என்றால் நிஜமாகவே அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டவர். கல்யாணமான கொஞ்ச காலத்தில் அண்ணன் வேறொருத்தியோடு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். அவன் எங்கே இருக்கிறான் என்று அண்ணியே தேடிக் கண்டுபிடித்தார். அதுதான் அவருடைய முதல் கேஸ். கண்டுபிடித்ததும், "அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் அண்ணன் பக்கம் போகாமல் அண்ணி பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன். சம்பளமும் திட்டும் மாதாமாதம் தவறாமல் கிடைக்கின்றன.

"கவிழ்க்கறதுன்னா கிரேன்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே மேடம்" என்றேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரை? எதுக்கு?" என்று அண்ணி தலைவியிடம் கேட்டார்.

தலைவி சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். அவர் சொல்லும்போது நடுநடுவே பல்லைக் கடித்துக்கொண்டதால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஈர மணல் மேல் கட்டிடம் நிற்கிறது. நிலம் குலுங்குகிறது. மணலுக்குள் இருக்கும் தண்ணீருக்குத் தப்பிக்க வழியில்லை. அது மணல்துகள்களை ஒன்றையொன்று விட்டுத் தள்ளுகிறது. அதுவரை தரையாக இருந்தது கொஞ்ச நேரத்துக்குக் கூழாகிவிடும். மேலே நிற்பது உள்ளே போகும். எந்த மண் கூழாகும், எது ஆகாது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் ப்ரோகிராம்கள் இருக்கின்றன. அதில் ரொம்பப் பெயரெடுத்தது புரொபசர் ஒருவருடையது. பல வருஷங்களுக்கு முன்னால் ஆற்றோரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் மண் அறிக்கை கொடுத்தார். 'கூழாகாது, கட்டலாம்' என்பது அறிக்கை. கட்டினார்கள். நிலம் குலுங்கிய அன்று அந்தக் கட்டிடத்தின் சுவரில் ஒரு விரிசல்கூட விழவில்லை. முழுசாக அப்படியே சாய்ந்து, தரைத்தளத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டது. தரைத்தளத்தில் தலைவியின் தங்கை இருந்தாள்.

"பட்டப்பகல். முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. ஜன்னலைத் திறந்தா வெளிய மண்ணு" என்றார் தலைவி.

நான் மணல் மூட்டையை விட்டு எழுந்து நின்றுகொண்டேன்.

"விசாரணை நடந்துச்சு. 'என் ப்ரோகிராம் அன்னைக்குக் கூழாகாதுன்னுதான் சொல்லுச்சு, அன்றைய விஞ்ஞானத்துக்கு அவ்வளவுதான் தெரியும், அப்புறம் ப்ரோகிராமைத் திருத்திட்டேன்'னு சொல்லி அழுதாரு. விட்டுட்டாங்க. நேர்மையா தப்பை ஒத்துக்கிட்டார்னு பாராட்டு வேற. இத்தனை வருஷமா அந்தப் பாராட்டு என் வயித்துல எரியுது."

"இப்ப என்ன செஞ்சாரு?"

தலைவி திரையைத் திருப்பிக் காட்டினார்.

ஏரியைத் தூர்த்து ஒரு புதிய நகர் வரப்போகிறதாம். அந்த மண்ணை எந்த ப்ரோகிராமை நம்பி அனுமதிப்பது என்று முடிவு செய்ய இந்த ஆய்வகத்தில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய பெட்டி நிறைய ஈர மணல். அதற்குள் அங்கங்கே தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள். பெட்டியை இயந்திரத்தில் வைத்துக் குலுக்குவார்கள். குலுக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு ப்ரோகிராம்காரரும் எந்தக் கருவி என்ன காட்டும் என்று கணித்துக் கோடு போட்டு அனுப்பிவிட வேண்டும். பிறகுதான் குலுக்கல். நிஜத்துக்கு யாருடைய கோடு பக்கத்தில் வருகிறதோ அவர் ஜெயித்தார்.

திரையில் நிஜம் கறுப்புக் கோடு. புரொபசரின் கணிப்பு சிவப்பு. கருவிக்குக் கருவி சிவப்பு கறுப்பின் தோளில் கை போட்டுக்கொண்டு போனது. நடுவில் இருந்த ஒரு கருவியில் மட்டும் பிணக்கு. கறுப்பு மேலே ஏறி, ஓர் எல்லையில் நின்று, குலுக்கல் அடங்கியதும் கீழே இறங்கித் தொடங்கின இடத்துக்கு வந்துவிட்டது. சிவப்பு அந்த எல்லையைத் தாண்டி ஏறியது. எல்லாம் அடங்கிய பிறகும் கீழே வராமல் பாதியில் தொங்கியது.

"தண்ணி அழுத்தம் அந்த எல்லைக்கு மேல ஏற முடியாது" என்று தலைவி விளக்கினார். "பாத்திரத்து மூடியோட எடைக்கு மேல ஆவி அழுத்தினா மூடி தூக்கிடும் இல்லையா? இங்க மேல இருக்கற மணல்தான் மூடி. எல்லை தாண்டி ஒரு கருவி காட்டுதுன்னா ஒரே அர்த்தம்தான். கருவி வெச்ச எடத்துல இல்ல. கூழான மணலுக்குள்ள கீழ மூழ்கிருச்சு. ஆழம் கூடினா அழுத்தமும் கூடும். மூழ்கினது திரும்ப மேல வராது. அதனால கோடும் எறங்கல."

"அது கருவிக்குச் சரி மேடம். சிவப்பு கம்ப்யூட்டர் போட்ட கோடு. கம்ப்யூட்டருக்குள்ள ஏது கருவி மூழ்கறதுக்கு?" என்றேன்.

"அதேதான்" என்றார் தலைவி. முதல் தடவையாக என்னை மனுஷனாக மதித்துப் பார்த்தார். "போன மாசம் நான் ஒரு ஒத்திகை ஓட்டினேன். இதே மணல், இதே குலுக்கல். அதுல நடுக்கருவி மூழ்கிருச்சு. அந்தக் கோடும் இந்தச் சிவப்பும் அச்சு அசல். ஒத்திகை விவரம் என் மெஷின்ல மட்டும்தான் இருக்கு. அனுப்பின கணிப்பு எல்லாமும் அதுலதான் பூட்டி வெச்சிருக்கேன். நான் மட்டும்தான் தெறந்து பாத்தேன், மத்தவங்களுக்கு மத்தியானம் கமிட்டி முன்னாடிதான் மொதல் தடவையா காட்டப் போறோம். அதுக்குள்ள எப்படிக் கசிஞ்சதுன்னு கண்டுபிடிங்க. அவரு மூஞ்சிக்கு நேரா நீங்க சொல்லணும். நான் சொன்னா பழிவாங்கறேன்னு சொல்லிடுவாங்க."

"பழிதானே வாங்கறீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா."

"சரி" என்று அண்ணி எழுந்தார்.

மணல் அறையில் ஓர் ஆள் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் அவரைச் சல்லடை என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். பெட்டியில் மணல் கொட்டுவதும் கருவிகளைப் பதிப்பதும் அவருடைய வேலை.

"கருவி மூழ்காம இருக்க என்ன பண்ணுவீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"தூண்டில் நரம்பு இருக்குல்ல, அதை எடுத்து நாலு பக்கமும் பெட்டியோட இழுத்துக் கட்டிருவோம். மணல் என்ன ஆட்டம் போட்டாலும் கருவி அசையாது."

"ஒத்திகையில ஏன் கட்டல?"

"ஒத்திகையில நான் இல்லையேங்க. மேடமே தனியா ஓட்டினாங்க. எனக்கு அன்னைக்கு லீவு குடுத்துட்டாங்க."

ஆளைக் குறைத்தால் விஷயம் வெளியே போகாது. தலைவி கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க மேடம் கட்ட மறக்கற ஆளா?"

சல்லடை சிரித்தார். "எங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்ததே அவங்கதானேங்க. முடிச்சு லூசா இருந்தா பெட்டியைக் காலி பண்ணி மறுபடியும் ரொப்பச் சொல்லுவாங்க."

"அவங்க ரூமுக்கு வேற யாரு போவாங்க?"

"யாரும் போக மாட்டாங்க. கூட்டறதுக்குக்கூட அவங்க இருக்கறப்பதான் விடுவாங்க. சாவி எப்பவும் கழுத்துல."

வெளியே வந்ததும், "அப்ப எப்படிண்ணி கசிஞ்சது? கழுத்துல தொங்கற சாவியை எவன் எடுத்திருப்பான்?" என்றேன். அண்ணி பதில் சொல்லாமல் காரில் ஏறினார். அவர் பதில் சொல்லாவிட்டால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்குக் கிடைக்கவில்லை என்றும் அர்த்தம்.

புரொபசரின் ஆபீஸ் குளுகுளுவென்று இருந்தது. ஆள் வெள்ளைவெளேர் என்று துவைத்துத் தேய்த்த மாதிரி இருந்தார். பரீட்சை சம்பந்தமாக ஆய்வகத்துக்காக நாலு கேள்வி கேட்க வந்திருப்பதாக அண்ணி சொன்னார். புரொபசர் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குரலைத் தாழ்த்தியே பேசினார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சாய்ந்து நிற்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டிடம். கீழ்வரிசை ஜன்னல்கள் மண்ணுக்குள் இருந்தன.

"இதை ஏன் சார் மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"பணிவுக்காகத்தான். தினமும் காலையில இதைப் பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். என் ப்ரோகிராமும் தப்பு பண்ணும்னு மனசு மறக்கக் கூடாது பாருங்க."

தலைவியின் தங்கை அந்த ஜன்னல்களில் ஏதோ ஒன்றுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். இந்த ஆள் அதைக் காலண்டர் மாதிரி மாட்டி வைத்திருக்கிறார். எழுந்து அந்தப் படத்தைக் கழற்றி அவர் தலையிலேயே போடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

அவருடைய போன் அடித்தது. "மத்தியானம் முடிஞ்சதும் சொல்றேன் மச்சான். உன் நகருக்கு ஒண்ணும் ஆகாது, நீ வேலையை ஆரம்பி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"மச்சானுக்குக் கட்டுமானத் தொழிலா சார்?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா. என் மனைவியோட தம்பி."

"இந்தப் படத்துல இருக்கறதும் அவர் கட்டினதா?"

"அதான் ஊருக்கே தெரியுமே. பாவம், அவனும் ரொம்ப நொந்துபோயிட்டான்."

அண்ணி தலையாட்டிக்கொண்டார். பிறகு சாதாரணமாக, "உங்க ப்ரோகிராம் போடற கணக்குல, மணலுக்குள்ள வெச்ச கருவி மூழ்கினா அதையும் காட்டுமா சார்?" என்று கேட்டார்.

புரொபசர் வாய்விட்டுச் சிரித்தார். "என் கணக்குல கருவியே கெடையாதும்மா. ஒரு புள்ளி, அவ்வளவுதான். புள்ளி எங்க மூழ்கும்? கருவி மூழ்கறதெல்லாம் ஆய்வகத்துக்காரங்க தலைவலி."

"ப்ரோகிராமை ஒரு தடவை பாக்கலாமா?"

சிரிப்பு நின்றது. "அது மட்டும் முடியாது. ரிசல்ட் வெளிய போகும், ப்ரோகிராம் என் கையை விட்டுப் போகாது. விசாரணைக் குழுவே கேட்டுச்சு, கோர்ட்டு வரைக்கும் போய்த் தடுத்தேன். அது என் சொத்து."

காரில் வரும்போது நான் குதித்தேன். "அகப்பட்டான் அண்ணி! தன் வாயாலயே சொல்லிட்டான், புள்ளி மூழ்காதுன்னு. கமிட்டியில வெச்சு உரிச்சுரலாம்."

"சிரிச்சாரு, கவனிச்சியா தம்பி?"

"நல்ல வரிசையான பல்லு."

"வண்டியைப் பாத்து ஓட்டு" என்றார் அண்ணி.

கமிட்டியின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. ஓய்வு பெற்றதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது, மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நீள மேஜையின் ஒரு பக்கம் கமிட்டி, மறுபக்கம் ப்ரோகிராம்காரர்கள். தலைவி சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கோடுகளைத் திரையில் போட்டதும் அண்ணி எழுந்தார். ஒத்திகைக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்.

"எல்லாத்தையும் சரியா சொன்னதுக்காக நான் யாரையும் சந்தேகப்பட மாட்டேன். தப்பா சொன்ன ஒண்ணு இருக்கே, அதுதான் உறுத்துது. இது மூழ்கின கருவியோட கோடு. கம்ப்யூட்டருக்குள்ள கருவி கெடையாதுன்னு காலையில புரொபசரே சொன்னாரு. இல்லாத கருவி எப்படி மூழ்குச்சு?"

புரொபசர் நாற்காலி பின்னால் விழும்படி எழுந்தார். "இது என் கோடே இல்ல! நான் அனுப்பினது வேற! என்கிட்ட காப்பி இருக்கு!"

"காப்பியை இப்பக்கூடத் தயார் பண்ணலாம்" என்றார் நீதிபதி.

"என்னைத் திருடன்ங்கறீங்களா? என்னையா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பரீட்சைக்குக் குடுத்த அதே மண் விவரத்தை வெச்சு உங்க ப்ரோகிராமை எங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. இல்லைன்னா நான் முடிவெழுதிட வேண்டியதுதான்."

மற்ற ப்ரோகிராம்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். அந்த இருமல்தான் வேலையைச் செய்தது. புரொபசர் தன் லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்து, வயரைச் சொருகி, பெரிய திரையில் வரும்படி செய்து ஓட்டினார். டீ வந்தது, ஆறியது. யாரும் எழுந்து போகவில்லை.

சிவப்புக் கோடு வந்தது. நடுக்கருவியில் மேலே ஏறி, எல்லையில் நின்று, அழகாக இறங்கிக் கறுப்போடு சேர்ந்தது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

"பாத்தீங்களா? இதைத்தான் நான் அனுப்பினேன். எவனோ உள்ள புகுந்து மாத்தியிருக்கான்!"

உண்மையைத்தான் சொல்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் கேஸ் எல்லார் முன்னாலும் மல்லாந்து கிடந்தது. தலைவியைப் பார்த்தேன். அவர் கட்டிய கையைப் பிரிக்கவே இல்லை.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "கணிப்பெல்லாம் உங்க பொறுப்புலதானேம்மா இருந்துச்சு?"

"ஒரு நிமிஷம் ஐயா" என்று அண்ணி குறுக்கிட்டார். "எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. ஒத்திகை விவரத்தைத் திருடி, அதுக்குத் தகுந்த மாதிரி ப்ரோகிராமையே முடுக்கி வெச்சிருந்தா? அப்ப இங்க ஓட்டினாலும் பொருந்தத்தானே செய்யும்?"

புரொபசருக்கு முகம் சிவந்தது. "முடுக்கறதா? இந்தக் கணக்குல ஒரு வரியை நான் தொட்டதில்ல! மேல இருக்கற பட்டனும் கலரும் மாறியிருக்கு, அவ்வளவுதான். உள்ள இருக்கற கணக்கு என் இளவயசுல எழுதினது. இதோ தேதி, உங்க கண்ணாலயே பாருங்க! எவன் ப்ரோகிராம் இத்தனை வருஷம் திருத்தமே இல்லாம நிக்கும்?"

திரையில் தேதி வந்தது. நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஆத்தோரக் குடியிருப்புக்கு நீங்க அறிக்கை குடுக்கறதுக்கு முந்தின தேதி சார் இது" என்றார் அண்ணி. "அப்புறமா திருத்திட்டேன்னு விசாரணையில சொன்னீங்களே, எதைத் திருத்தினீங்க?"

சிவந்திருந்த முகம் வெளுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சந்தோஷமாகத்தான் பார்த்தேன்.

தலைவி சுவரை விட்டு முன்னால் வந்தார். ஒரு பென் டிரைவை மேஜை மேல் வைத்தார். "அந்த ஆத்தோர மண்ணோட விவரம். விசாரணைக் குழு அப்பவே வெளியிட்டது, யார் வேணா ஒத்துப் பாத்துக்கலாம். ஓட்டச் சொல்லுங்க ஐயா."

புரொபசரின் கை லேப்டாப் மூடிக்குப் போனது. என் கை அதற்கு முன்னால் போய் நடுவில் நுழைந்தது. படாரென்று மூடினார். விரல்கள் நசுங்கி உயிர் போய்விட்டது. ஆனால் மூடி மூடவில்லை.

"கையை எடுக்க மாட்டேன் சார்" என்றேன், கண்ணில் தண்ணீரோடு. "இது என் சொத்து."

"ஓட்டுங்க" என்றார் நீதிபதி. இந்தத் தடவை அவர் மேஜையைத் தட்டவில்லை.

ஓட்டினார்கள். புரொபசர் உட்கார்ந்துவிட்டார், அவருக்குப் பதிலாகக் கமிட்டியில் இருந்த ஒரு பொறியாளர் பட்டனை அமுக்கினார். படம் மெதுவாக வளர்ந்தது. கட்டிடத்துக்கு அடியில், ஆற்றுப் பக்கமாக, மண்ணின் நிறம் மாறத் தொடங்கியது. நிறம் பரவியது. கட்டிடம் கொஞ்சம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது, பிறகு ஆற்றைப் பார்த்துச் சாய்ந்தது. புரொபசர் தன் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே பக்கம்.

அந்த ப்ரோகிராம் அன்றைக்கே சரியாகச் சொல்லியிருக்கிறது. பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டு இந்த ஆள் அழுதிருக்கிறான். இதற்குமேல் அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

தலைவி அவனுக்கு எதிரே போய் நின்றார். "அன்னைக்கும் இதே படம்தான் வந்துச்சா?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான் அதுக்குள்ள அஸ்திவாரம் தோண்டிட்டான்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாத்தேன்."

"ஒவ்வொரு தடவையும்?"

"இதேதான்."

"அப்புறம்?"

"ஸ்கிரீனை அணைச்சுட்டேன்" என்றான்.

நீதிபதி போலீசுக்குப் போன் செய்யச் சொன்னார். யாரோ புரொபசரின் பக்கத்தில் காவலுக்குப் போய் நின்றார்கள். அண்ணி தலைவியின் முழங்கையைப் பிடித்து வெளியே நடைபாதைக்குக் கூட்டி வந்தார். நான் விரல்களை ஊதிக்கொண்டே பின்னால் போனேன்.

"கோட்டை மாத்தினது நீங்கதான்" என்றார் அண்ணி.

எனக்கு விரல் வலி மறந்துவிட்டது.

"ஆமா" என்றார் தலைவி. மறுக்கவோ சுற்றி வளைக்கவோ இல்லை. "எப்ப தெரிஞ்சது?"

"முடிச்சு சொல்லிக் குடுத்தவங்க முடிச்சுப் போட மறக்க மாட்டாங்க. அப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்புறம் அவன்கிட்ட கருவி மூழ்குமான்னு கேட்டேன். சிரிச்சான். மூழ்கின கோட்டைத் திருடினவனா இருந்தா வேர்த்திருக்கும். அதோட, இந்தத் தொழில்ல ஊறினவன் திருடியிருந்தா அந்தக் கோணல் கோட்டை மொதல்ல நேராக்கியிருப்பான். எல்லை தாண்டிப் போறது அவன் கண்ணுல படாமலா இருக்கும்? கண்ணுல படணும்னு யாரோ விட்டு வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது."

"நேரா கேட்டுப் பாத்திருக்கலாமே மேடம்?" என்றேன் நான்.

"கேக்காத எடம் இல்ல. அந்த ப்ரோகிராம் ஓடறதை ஒரு தடவை பாத்தா போதும்னு எல்லா வாசல்லயும் நின்னேன். அவனோட சொத்து, தெறக்க முடியாதுன்னுட்டாங்க." தலைவியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "செஞ்ச குத்தத்தைச் சொன்னா பூட்டிக்கிட்டு அழுவான். செய்யாத குத்தத்தைச் சொன்னாத்தான் துடிச்சுக்கிட்டுத் தெறப்பான். அவன் ப்ரோகிராம் நல்ல ப்ரோகிராம்னு எனக்குத் தெரியும். ஊர்ல எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும். அதோட பழைய கணிப்பு ஒவ்வொண்ணையும் நான் சோதிச்சுப் பாத்திருக்கேன். ஒரே ஒரு கட்டிடத்துல மட்டும் அது தப்பா சொல்லுச்சுன்னா யாரு நம்புவா?"

அண்ணி தலையாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சுமா, 'ப்ரோகிராமையே முடுக்கி வெச்சிருந்தா?'ன்னு அந்தக் கேள்வியைக் கேட்டீங்க?" என்று தலைவி கேட்டார்.

"எனக்கும் பதில் வேணும்னு இருந்துச்சு. அந்தப் படத்தைச் சுவர்ல மாட்டினவனை விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார் அண்ணி. "ஆனா நீங்க பண்ணதையும் நீதிபதிகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

"அண்ணி, விடுங்களேன்!" என்று நான் கெஞ்சினேன். "யாருக்குத் தெரியப் போகுது?"

"அவனோட வக்கீலுக்கு. ஒரு கோடு பொய்னு கண்டுபிடிச்சா, பரீட்சையே பொய், படமும் பொய்னு அடிச்சுச் சொல்லி வெளிய கூட்டிட்டுப் போயிருவான். இன்னைக்கே நாம சொல்லிட்டா ஒரு கோடு மட்டும்தான் பொய். அவன் லேப்டாப், அவன் காட்டின தேதி, அவன் ஒத்துக்கிட்டது, அதையெல்லாம் எவனும் அழிக்க முடியாது."

"அதுல இவங்களும் மாட்டுவாங்களே."

"மாட்டுவாங்க. வேலை போகும். கேஸும் வரும்" என்று அண்ணி தலைவியைப் பார்த்தே சொன்னார். அண்ணிக்கும் அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

தலைவி கழுத்தில் இருந்த சாவியைக் கழற்றி அண்ணியின் கையில் வைத்தார். "நீங்க சொல்ல வேணாம். நானே சொல்லிக்கறேன்." கதவுப் பிடியில் கை வைத்தவர் திரும்பினார். "அவன் கேஸும் என் கேஸும் ஒரே கோர்ட்டுலதான் நடக்குமா?"

"நடக்கலாம். ஏன்?"

"விசாரணை அன்னைக்குச் செத்தவங்க குடும்பத்தை எல்லாம் வராண்டாவுல உக்கார வெச்சுட்டாங்க. உள்ள அவன் அழுதது என் காதுலதான் விழுந்துச்சு, மூஞ்சியைப் பாக்க விடல." தலைவி கதவைத் தள்ளினார். "இந்தத் தடவை கூண்டுல அவன் பக்கத்துலயே நிப்பேன். கிட்டக்க இருந்து பாக்கணும்."

உள்ளே போய், நீதிபதிக்கு முன்னால் நின்று, "ஐயா, என் பேரையும் எழுதிக்கங்க" என்றார்.